பச்சோந்தியின் சார்பில் ஓர் ஆட்சேபம்

தேர்தல் வந்தால் போதும், கட்சி மாறுகிறவர்களையெல்லாம் பச்சோந்தி என்று எழுதிவிடுகிறோம். 34 ஆண்டுகள் உயிரியல் நடத்திய வாத்தியார் என்ற முறையில் ஒரு சின்ன ஆட்சேபம், நண்பர்களே.

உட்காரும் இடத்தின் நிறத்துக்கெல்லாம் அது மாறிவிடுவதில்லை. பயம், கோபம், துணை தேடும் பரபரப்பு, வெயில், குளிர் இவைதான் பெரும்பாலும் காரணம். மடகாஸ்கரில் வாழும் ஓர் இனத்தை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-ல் இதை விளக்கினார்கள். தோல் செல்களுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. பிராணி அமைதியாக இருந்தால் அவை நெருங்கி நிற்கும், உடம்பு பச்சையாகத் தெரியும். கிளர்ச்சியடைந்தால் இடைவெளி கூடும், பச்சை மஞ்சளாகும். மனதில் இருப்பதை மேனியிலேயே காட்டிவிடுகிற பிராணி. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்களுக்கு இதை உவமை சொல்வது என்ன நியாயம்?

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. இந்தியாவில் ஒன்றே ஒன்றுதான். இலங்கையிலும் இருப்பது அதுவே. அறிவியல் பெயரே கமேலியோ ஸெய்லானிகஸ். வேலி ஓணானோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓணான் ஓடும். இது காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒவ்வோர் அடியாக வைக்கும். கிளையை இடுக்கிபோல் பற்றும் விரல்கள், சுருட்டிக்கொள்ளும் வால், ஆளுக்கொரு திசை பார்க்கும் கண்கள், உடம்பைவிட நீளமான நாக்கு. எல்லாமே மரத்தில் வாழ்வதற்கு.

வினை வருவது தரையில்தான். முட்டையிட பெண் பச்சோந்தி கீழே இறங்கியே ஆகவேண்டும். மண்ணில் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பும். அந்த நடையில் தார்ச்சாலை குறுக்கிட்டால் என்ன ஆகும்? போன வருடம் எங்கள் ஊர் புறவழிச்சாலையில் நசுங்கிக் கிடந்த ஒன்றின் வயிற்றிலிருந்து முட்டைகள் சிதறிக் கிடந்தன. பதினேழு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண மனம் வரவில்லை.

வண்டியில் தப்பினால் கம்பு இருக்கிறது. “விஷம் சார், அடிச்சிடணும்” என்கிறார்கள். விஷமே கிடையாது. சீறும், உடம்பை உப்பும், வாயைப் பிளக்கும், அவ்வளவுதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் குற்றம் என்பதையும் பையன்களிடம் சொல்லுங்கள்.

சாலையில் பார்த்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டுங்கள். தானாகப் பற்றி ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்திலேயே விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடி சாலையில்தான் இறங்கும்.