நடந்தால் கிடைப்பது

திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு இன்று மோட்டாரில் சில மணி நேரத்தில் போய்விடலாம். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி புறப்பட்ட ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும், சுமார் 150 மைல் தூரத்தையும் நடந்தே கடந்து 28-ந் தேதி போய்ச் சேர்ந்தார்கள். ரயில் இருந்தும் ஏன் ஏறவில்லை? ஏறியிருந்தால் உப்புக் கிடைத்திருக்கும்; வழியிலுள்ள ஊர்கள் கிடைத்திரா. தொண்டர்களுக்குச் சோறிடலாகாதென்று கலெக்டர் தடை போட்டபோது, மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டவர்கள் அவ்வூரார்தாம்.

சென்ற மாதம் என் மகளுடன் வேதாரணியத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி உப்பளம் வரை நடந்தேன். பாதி வழியில், "அப்பா, பஸ்ஸில் வந்திருக்கலாமே!" என்று சிணுங்கினாள். உப்பளத்தில் வேலையாயிருந்த கிழவி ஒருத்தி அவள் முகவாட்டத்தைக் கண்டு, சொம்பில் தண்ணீர் கொணர்ந்து தந்தாள்.

திரும்பும்போது பஸ் வந்தது. "வேண்டாம் அப்பா, பாட்டியிடம் சொல்லிக்கொண்டு நடந்தே போவோம்" என்றாள் மகள்.