ஏரிப் பட்டியலில் ஸ்வீடன்

உத்திரமேரூர் வட்டத்து ஊர்களையும் ஏரிகளையும் பட்டியலிட்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக நடத்திவந்த சிறு வலைத்தளம் என் பொறுப்புக்கு வந்தது. பொறுப்பு என்றால் என்ன, தளத்தை நிர்வகிக்கும் சி-பேனலின் கடவுச்சொல்தான். உள்ளே நுழைந்து, பிஎச்பி-மைஅட்மினைத் திறந்து, டேட்டாபேஸில் என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன என்று பார்த்தேன். ஓரத்தில் 'கொலேஷன்' என்று ஒரு பத்தி. எழுத்துகளை எந்த மொழியின் வரிசைப்படி அடுக்குவது, எதை எதோடு ஒன்றாகக் கொள்வது என்பதைச் சொல்லும் இடம் அது. வரிக்கு வரி 'லத்தீன்1 ஸ்வீடிஷ் சிஐ' என்றிருந்தது.

பல்லவர் காலத்து உத்திரமேரூர் ஏரியான வைரமேகத் தடாகத்துக்கும் ஸ்வீடனுக்கும் என்ன சம்பந்தம்? ஆசிரியரையே கேட்டேன். "நான் எதையும் மாத்தலப்பா. வந்தது வந்தபடிதான் இருக்கு" என்றார்.

எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். முதல் சந்தேகம் சி-பேனல் மீது. நிக் காஸ்டன் என்பவர் 1996-இல் ஸ்பீட் ஹோஸ்டிங் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக எழுதியது அது. அதுவரை கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சுசெய்து பார்த்த வேலைகளை, பொத்தான்களை அமுக்கியே முடித்துக்கொள்ள வழிசெய்தது. உத்திரமேரூரில் இருந்துகொண்டு எங்கோ இருக்கும் சர்வரில் மின்னஞ்சல் முகவரி திறக்க முடிகிறது என்றால் அந்த வகையறா மென்பொருளின் தயவுதான். ஆனால் ஸ்வீடன் அதில் இல்லை. பிஎச்பி-மைஅட்மினிலும் இல்லை. 1998-இல் டோபியஸ் ராட்ஷிலர் தொடங்கிவைத்த அந்தக் கருவி, டேட்டாபேஸில் இருப்பதை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான்.

விஷயம் அடியில், மைஎஸ்க்யூஎல் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்தது. பின்லாந்துக்காரர் மைக்கேல் விடெனியஸ், ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகியோர் 1995-இல் தொடங்கிய ஸ்வீடன் நிறுவனத்தின் படைப்பு அது. ஆங்கில அகரவரிசை இசட்டோடு முடிந்துவிடும். ஸ்வீடன்காரர்களுக்கும் பின்லாந்துக்காரர்களுக்கும் அதற்குப் பின்னால் மேலும் மூன்று எழுத்துகள் உண்டு. தங்கள் ஊர் வாடிக்கையாளர் பட்டியல் ஒழுங்காக அடுக்கப்பட வேண்டும் என்று அந்த வரிசையையே இயல்புநிலையாக வைத்தார்கள். அவர்கள் ஊரில் அதுதானே நியாயம். மென்பொருள் இலவசமாக உலகம் முழுக்கப் போனபோது அந்த வரிசையும் கூடவே போனது. 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, யாரும் வேறு சொல்லாவிட்டால் ஸ்வீடன்தான்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆசிரியரின் பழைய டேபிள் ஒன்றைத் திறந்ததும் விட மனம் வரவில்லை. அதில் தமிழே இல்லை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் மட்டும். பார்த்ததும் புரிந்தது: திஸ்கி. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும் கணினிகள் அதைக் காட்டத் தயாராக இல்லாத காலத்தில், உலகெங்கும் இருந்த தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய குறியீடு. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்தார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அந்நிய எழுத்து தெரியும். டேட்டாபேஸ் கடைசிவரை அதை ஐரோப்பிய மொழி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஸ்வீடன் வரிசையில் நம் ஊர்ப் பெயர்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கும்? திஸ்கி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ப, ம, ய, ர நான்கும் உட்கார்ந்திருப்பது ஏ என்னும் ரோமன் எழுத்தின் நான்கு வேறுபட்ட வடிவங்களில். ஸ்வீடன் வரிசைக்கு அவை நான்கும் வெறும் ஏ-தான். ஆக, நான்கு தமிழ் எழுத்துகளும் ஒன்று! 'பணம்' என்று தேடினால் 'மணம்' வரும். ஊர்ப்பட்டியலில் மருதமும் மானாம்பதியும் முதலில் நின்றன. அடுத்து பெருநகர். திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாவதால் அந்த ஊர் 'ப'-வோடு சேராமல் கொம்போடு போய்விட்டது. அதற்கும் பிறகுதான் அனுமந்தண்டலம், களியாம்பூண்டி, சாலவாக்கம், திருப்புலிவனம். அகரத்தை மூன்றாவது ஆளாக நிறுத்திய அகரவரிசை.

இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஸ்வீடன்காரர்கள் தமிழை நினைக்கவில்லை. திஸ்கி வகுத்தவர்கள் ஸ்வீடனை நினைக்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் கேட்கவில்லை. ஆனால் இதே உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியானவர் யார், ஆகாதவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. விதி என்றால் வாசலில் நின்று படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கொலேஷன் பத்தியும் கண்ணுக்கு எதிரில்தான் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

மாற்றும் வேலை அலுப்பானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பேக்கப். பிறகு திஸ்கியை யூனிகோடாக்கி, கொம்புகளை எழுத்துக்குப் பின்னால் தள்ளி, புது டேபிளில் ஏற்ற வேண்டும். அந்தப் புது டேபிளுக்கு 'யுடிஎஃப்8' போதுமா, 'யுடிஎஃப்8எம்பி4' வேண்டுமா என்று ஒரு கேள்வி. மைஎஸ்க்யூஎல்லில் முன்னது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் இடம் தரும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் சரியாக மூன்று பைட், கச்சிதம். நான்கு பைட் எமோஜிக்குத்தானே, நமக்கு எதற்கு என்று முதலாவதையே தேர்ந்தெடுக்கப் போனேன்.

ஆசிரியர் ஒரு நோட்டை நீட்டினார். மா, காணி, முந்திரி என்று பழைய பின்னக் குறிகளில் எழுதிய நில அளவுகள். குடவோலைக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்கிறது கல்வெட்டு. அந்தக் 'கால்' என்ற அளவுக்கும் தனிக் குறி உண்டு. இந்தப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கேட்டு ஸ்ரீரமண சர்மா முன்மொழிவு எழுதினார். 2019-இல் வந்த 12.0 பதிப்பில், தமிழ் எழுத்துகள் இருக்கும் பகுதியிலிருந்து வெகுதொலைவில், தனிப் பகுதியாக இடம் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்.

'யுடிஎஃப்8எம்பி4' என்று வைத்துச் சேமித்தேன். கால் குறியை ஏற்றிப் பார்த்தால் ஆசிரியரின் கைபேசியில் வெறும் கட்டம் தெரிந்தது. அதற்கு நோட்டோ எழுத்துருவில் தனிக் கோப்பு இருக்கிறது. அதை இறக்கி, ஃபைல் மேனேஜர் வழியாக 'பப்ளிக் எச்டிஎம்எல்' ஃபோல்டரில் போட்டு, பக்கத்தோடு இணைத்தேன். ஆசிரியர் நோட்டைப் பார்த்துப் பார்த்து அளவுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, இப்போது மானாம்பதி வரை ஏற்றியிருக்கிறேன்.