இருதலைக் கொள்ளி

கையை மடக்கினால் புஜத்தில் பந்து மாதிரி உருள்கிறதே, அந்தத் தசைக்கு பைசெப்ஸ் என்று பெயர். லத்தீனில் 'இரண்டு தலை' என்று அர்த்தமாம். ஒரு தலையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவதே பெரும்பாடு. இதற்கு இரண்டு!

அதில் நீளமான தலையின் தசைநாண், மேல்கை எலும்பில் ஒரு பள்ளம் வழியாக ஏறி, தோள்மூட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. எனக்குத் தகராறு பண்ணியது அதுதான். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் தோளின் முன்பக்கம் சுரீர்! மாத்திரை, பிசியோதெரபி, ஊசி... ஆறு மாதம் எல்லாம் பார்த்தாச்சு. ம்ஹூம்.

"ரெண்டு வழி இருக்கு சார்" என்றார் டாக்டர். "சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, நாணை மூட்டுக்குள்ள வெட்டி விட்டுடலாம். இல்லேன்னா, வெட்டின நாணைக் கீழே கை எலும்புல ஸ்க்ரூ வெச்சுப் பொருத்தலாம்."

"எது ஒசத்தி?"

"வலி ரெண்டுலயும் குறையும். வெட்டி விட்டா கை சீக்கிரம் புழக்கத்துக்கு வந்துடும். ஆனா தசை கீழே சரிஞ்சு, கார்ட்டூன் பாப்பாய் மாதிரி புடைப்பு தெரியலாம். அப்பப்போ பிடிச்சு இழுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் திருப்பற பலமும் கொஞ்சம் குறையலாம். பொருத்தினா வடிவம் பெரும்பாலும் மாறாது. ஆனா நாண் எலும்போட ஒட்டணுமே... நீங்க கனம் தூக்க மூணு மாசம்கூட ஆகலாம்."

மூன்று மாதம்! பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைத் தினமும் தூக்கி உட்கார வைப்பது நான். மஸ்கட்டிலிருக்கும் தம்பிக்குக் கிடைக்கும் லீவு ஒரே மாதம்.

"புஜம் கோணலாத் தெரிஞ்சா என்ன? நாற்பத்தாறு வயசுல பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்றாள் மனைவி.

டாக்டரும் ஒரு கதை சொன்னார். அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஜான் எல்வேக்கு 1997-ல் பந்து எறியும் கையிலேயே பைசெப்ஸ் நாண் தானாக அறுந்துவிட்டதாம். மனுஷன் அதே சீசனில் தொடர்ந்து ஆடி, 1998 ஜனவரியில் சூப்பர் பவுலே ஜெயித்துவிட்டார்!

வெட்டி விடச் சொல்லிவிட்டேன். தம்பி ஊருக்குக் கிளம்புவதற்குள் கை தேறிவிட்டது. புடைப்பு இருக்கிறது. பக்கெட் தூக்கினால் சில நாள் பிடித்து இழுக்கிறது. அப்பாவைத் தூக்க முடிகிறது.

உங்களுக்கு இருபத்தெட்டு வயசு, ஜிம்முக்குப் போகிறவர் என்றால், பொருத்திக்கொள்ளத்தான் டாக்டர் சொல்வார். சொல்லட்டும். ஆனால் அந்தக் கையால் தினமும் எதை, யாரைத் தூக்குகிறீர்கள் என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் அது தெரியாது!