பெரியாளுத் தொட்டில்



தீபாவளிக்கு வந்திருந்த என் தங்கச்சி மகன், காட்டு வேப்பமரத்துல நான் கட்டி வெச்சிருந்த துணிப் படுக்கையில ஏறிப் படுத்தவன், ரெண்டு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. "மாமா, நாங்க சிநேகிதங்க எல்லாம் மலைக்குப் போய் டெண்ட் போட்டுத் தங்குவோம். இந்த மாதிரி ஹேமாக் ஒண்ணு வாங்கணும். எதைப் பார்த்து வாங்கறது?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதறேன். முதுகு வலிக்க வலிக்கக் கத்துக்கிட்ட பாடம் இது.

எனக்கு இது பொழுதுபோக்கு இல்லீங்க. ஆடிப்பட்டத்துல ஒண்ணரை ஏக்கர் கடலைக்காய் போடறேன். காய்ல பருப்பு ஏறுற நேரம் பார்த்துக் காட்டுப்பன்னி இறங்கும். ஒரு ராத்திரி காவல் இல்லாம விட்டாப் போதும், காலையில ஏர் ஓட்டுன மாதிரி கிடக்கும் காடு. அறுவடை வரைக்கும் ஒரு மாசம் ராப்படுக்கை அங்கதான்.

முன்னெல்லாம் வரப்புல சாக்கை விரிச்சுப் படுத்துக்குவோம். நாலு வருஷத்துக்கு முன்னால என் பங்காளி ஒருத்தர் அப்படிப் படுத்திருந்தப்பக் கட்டுவிரியன் கடிச்சுருச்சு. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு திரும்பிப் படுத்துத் தூங்கிட்டார். விடியக்காலம் கண் இமையைத் தூக்க முடியல. ஆஸ்பத்திரியில ஒம்பது நாள் மெஷின்ல மூச்சு விட வெச்சுத்தான் பிழைக்க வெச்சாங்க. அந்தப் பாம்பு ராத்திரியில அலையறது. தரையில படுத்திருக்கறவங்க பக்கம் ஊர்ந்து வந்துரும், கடிச்சாலும் பெருசா வலிக்காது. அன்னையிலிருந்து என் வீட்டுக்காரம்மா, "கடலைக்காயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எள்ளை விதைச்சுட்டு வீட்டுல படுங்க"ன்னு ஒரே பிடி. கயித்துக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டேன். பத்தாம் நாள் களவு போயிருச்சு.

இதைக் கேட்டுட்டு பெங்களூர்ல இருக்கற மகன் ஒரு ஹேமாக் வாங்கி அனுப்பினான். நைலான் துணி, பாராசூட் துணிம்பாங்களே அந்த ரகம். மடிச்சா ஒரு தேங்காய் அளவு, எடை அரைக் கிலோ. பையன் அக்கறையா அனுப்பினதாச்சேன்னு சந்தோஷமாக் கட்டினேன். மொதல் ராத்திரியே ரெண்டு தடவை கீழ விழுந்தேன். மூணு மணிக்கு மேல முதுகுல பனிக்காத்து ஊசியாட்டம் ஏறுச்சு. நாலு நாள்ல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். "இந்த வருஷத்தோட கடலைக்காய்க்கு ஒரு கும்பிடு"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம்தான் பொறுமையா உட்கார்ந்து, தப்பு எங்க இருக்குன்னு பார்த்தேன்.

மொதல் தப்பு அகலம். அது நாலரை அடிதான். அந்த அகலத்துல நேரா நீட்டித்தான் படுக்க முடியும். நேராப் படுத்தா உடம்பு வாழைப்பழமாட்டம் வளைஞ்சுரும், முழங்கால் பின்பக்கமா இழுக்கும். தொங்கு படுக்கையில கோணலாப் படுக்கணுமுங்க. தலை இடது ஓரம், கால் வலது ஓரம். அப்பத்தான் துணி விரிஞ்சு முதுகு சமமா நிக்கும். அதுக்கு ஒத்த ஆளுக்கே அஞ்சு அடிக்குக் குறையாத அகலம் வேணும், நீளம் பத்துப் பதினோரு அடி. கடையில "ரெண்டு பேருக்கு"ன்னு விக்கறதை ஒருத்தருக்கு வாங்கினாச் சரியா இருக்கும். ரெண்டு முனையிலும் கட்டை வெச்சு விரிச்சுப் பலகையாட்டம் நிக்கறது பார்க்க அழகு. புரண்டு படுத்தாக் கவுத்துவிட்டுரும், தூங்கறதுக்கு ஆகாது.

ரெண்டாவது துணி. நைலான் லேசு, நனைஞ்சாலும் சீக்கிரம் காயும். மழைக்காலத்துக்கும், முதுகுல சுமந்து மலை ஏறறவங்களுக்கும் அதுதான் நல்லது. ஆனா பாரம் ஏற ஏற நீளும், வெயில்லயே கிடந்தா இத்துப்போகும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. பருத்தி முதுகுக்கு இதம், வேர்வையை உறிஞ்சும். ஆனா கனம். நனைஞ்சாக் காய ஒரு நாள் ஆகும், ஈரத்தோட மடிச்சு வெச்சாப் பூஞ்சை பிடிக்கும். கடையில ஒண்ணு செய்யுங்க. துணியை வாயில வெச்சு ஊதிப் பாருங்க. காத்து அந்தப் பக்கம் போகலைன்னா முதுகு வேகும். தையல் ஒத்தை வரிசையா இருந்தா வேண்டாம்னு வெச்சுருங்க.

நான் ஈரோட்டுக்குப் போய்க் கனமான காடாத் துணி 63 இஞ்ச் அகலத்துல நாலு மீட்டர் எடுத்தேன். அஞ்சே கால் அடி அகலம் கிடைச்சுது. தண்ணியில ஊறவெச்சு, சுருங்கற வரைக்கும் சுருங்கட்டும்னு காயப்போட்டேன். ரெண்டு முனையையும் வேட்டிக் கொசுவமாட்டம் மடிச்சுக் கயித்துல இறுக்கினேன். எங்கம்மா தொட்டில் கட்டும்போது பார்த்த கைப்பழக்கம்தான். என் வீட்டுக்காரம்மா பார்த்துட்டு "பெரியாளுத் தொட்டில்"னு பேரு வெச்சுட்டா.

மூணாவது தப்பு, விறைப்பாக் கட்டுனது. தொய்வாக் கட்டணும். கயிறு படுக்கை மட்டத்திலிருந்து 30 டிகிரி சாஞ்சு மேல ஏறினா, 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கயிறும் 70 கிலோ இழுக்கும். விறைப்பாக்கி 15 டிகிரி ஆக்கினா அதே ஆளுக்கு 135 கிலோ. கயிறு அறுந்து விழறது இதுலதான். மரத்துக்கு மரம் பன்னண்டுலிருந்து பதினஞ்சு அடி இருக்கட்டும். உட்கார்ந்தா நாற்காலி உயரத்துக்கு மேல வேண்டாம். மரத்தைச் சுத்த மெல்லிசுக் கயிறு போடாதீங்க, பட்டையை அறுத்துரும். நான் லாரியில சரக்குக் கட்டற பெல்ட்டைப் போட்டிருக்கேன். வேம்பு, புளி நல்ல மரம். முருங்கை சொல்லாமக் கொள்ளாம ஒடியும். தென்னைக்கு அடியில எதுக்குக் கூடாதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. போர்வை தரையில தொங்கக் கூடாது, பூச்சி பொட்டுக்கு அதுவே ஏணி. யானை நடமாட்டம் இருக்கற காட்டுல இது எதுவுமே வேண்டாம். அங்க பரண்தான்.

போன வருஷமும் இந்த வருஷமும் இதுலதான் காவல் இருந்தேன். இடுப்பு வலி இல்ல. கடலைக்காயும் வீடு வந்து சேர்ந்துச்சு.

மகன் போன்ல கேட்டான், "அப்பா, நான் அனுப்பினதுல படுக்கறீங்களா?"ன்னு. "படுக்கறேன் சாமி"ன்னேன். பொய் இல்லீங்க. அந்த நைலானைக் காடாத் துணிக்கு அடியில ரெண்டாவது அடுக்காக் கட்டியிருக்கேன். கீழயிருந்து ஏறுற பனிக்காத்து அதுலயே நின்னுருது, கொசுவும் முதுகைக் கடிக்கறதில்ல.

தங்கச்சி மகன் இதையெல்லாம் கேட்டுட்டு, "எனக்கும் நாலு மீட்டர் எடுத்துக் கொடுங்க மாமா"ன்னான். வர்ற ஞாயித்துக்கிழமை ஈரோட்டுக்குப் போறோம்.