வெப்டூபையும் யாமும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, சங்க நூல்களில் ஏதேனும் ஒரு துறையை யாம் எடுத்தாளுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவன் கணினி நிரலைப் பற்றி எழுதப் புகுவது பழைய மாணவர் சிலருக்கு நகை விளைவிக்கலாம். ஆயினும், கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக எம் மாலைப்பொழுதுகளிற் பெரும்பகுதியைக் கவர்ந்து கொண்டது அதுவே ஆதலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2013ஆம் ஆண்டில், எம்மிடம் தமிழ் பயின்று வெளியேறிய மாணவர் ஒருவர் எம் கல்லூரி நூலகத்துக்கு நூற்பதிவேடு ஒன்றைக் கணினியில் ஆக்கித் தந்தார். அதற்கு அவர் கைக்கொண்டது 'வெப்டூபை' என்னும் சட்டகம். வாசகர் விடுக்கும் வேண்டுகோளைப் பெறுதல், தரவுத்தளத்திற் பதிதல், கடவுச்சொல்லைச் சோதித்தல், பக்கத்தை வடித்துக் கொடுத்தல் முதலிய பொதுவேலைகளை முன்னரே செய்து வைத்திருக்கும் நிரற்றொகுதியையே சட்டகம் என்பர். வீடு கட்டுவோன் நிலையையும் யன்னலையும் தானே இழைக்காது தச்சனிடம் ஆயத்தமாய்ப் பெறுவதை ஒக்கும். வெப்டூபை பைதன் மொழியில் அமைந்தது. சிக்காகோவிலுள்ள டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியேரோ என்பார் கற்பித்தலை முதன்மை நோக்காகக் கொண்டு ஆக்கி, 2007இல் வெளியிட்டது. 2005இல் வெளிவந்த ஜாங்கோ அடைந்த புகழை இஃது ஒருபோதும் அடைந்ததில்லை.

அவ்வாறாயின் அம்மாணவர் இதனைத் தெரிந்தமை ஏன்? எம் நூலகத்திலிருந்தது யாரோ கைவிட்ட பழங்கணினி. இணையத் தொடர்பு வந்தால் வரும். வெப்டூபையோ நிறுவ வேண்டாதது. பொதியை விரித்துச் சொடுக்கினால் இயங்கும். விரற்கடையளவான நினைவகக் கோலிலும் இயங்கும். நிரலைத் திருத்துதற்கும் வேறு கருவி வேண்டா, உலாவியிலேயே திருத்தலாம். யாம் இதனைக் கற்றுக் கொண்டதும் அதனாலேதான். 2015இல் அவர் கடல் கடந்து சென்றார். பதிவேட்டின் திறவுகோலை எம் கையில் வைத்து, “சேர், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கோ” என்றார். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றே எம் தகைமை. நிரலாக்கத்தில் யாம் பெற்ற பயிற்சி அவர் மூன்று விடுமுறைகளிற் சொல்லித் தந்தவை மாத்திரமே.

முதலில் எமக்கு உவந்த வேலை மொழிபெயர்ப்பே. வெப்டூபையில் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு கோப்பு உண்டு. ஆங்கிலத் தொடருக்கு நேரே தமிழை எழுதிவிட்டாற் பக்கம் தமிழிற் பேசும். பெட்டியை வெறிதே விட்டவர்க்குக் காட்டும் அறிவித்தலில் 'மதிப்பு' என்று எழுதுவதா, 'பெறுமானம்' என்று எழுதுவதா என்று ஒரு வாரம் எண்ணினோம். தமிழகத்தார் முன்னதையே வழங்குவர். எம் மாணவர் கணிதத்திற் படித்தது பின்னதை. ஆதலின் 'பெறுமானம்' நின்றது. (கணனியா, கணினியா என்னும் பழைய வழக்கை இங்கே கிளறோம்.)

நிற்க. 2020 சனவரி முதலாந் திகதியுடன் பைதன் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிவுற்றது. அவ்வாண்டு பங்குனியிற் பள்ளிகள் மூடப்பட்டபோது, பதிவேட்டை மூன்றாம் பதிப்புக்கு மாற்ற அமர்ந்தோம். வெப்டூபை தன் பழைய நிரல்களைப் புதிய வெளியீடுகளிலும் பழுதுறாது ஓட்டுவதைக் கொள்கையாகக் கொண்டது. எம்மை இடர்ப்படுத்தியது தமிழெழுத்து. நூலின் முதுகில் ஒட்டும் சீட்டில் நூற்பெயரின் முதலாறு எழுத்தை மாத்திரம் அச்சிட வேண்டியிருந்தது. பழைய பைதன் எழுத்தை எண்ணாது பைட்டுக்களையே எண்ணும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆதலின் மாணவர் பதினெட்டு என்று எழுதி வைத்திருந்தார். புதிய பைதனோ பைட்டை விட்டு யூனிகோடுக் குறிகளை எண்ணும். பதினெட்டுக் குறிகள் வந்து சீட்டை நிறைத்து வழிந்தன. ஆறு என்று மாற்றினோம். 'நன்னூல்' என்பது 'நன்னூல' என்று வந்தது. பழஞ்சீட்டுக்களை எடுத்துப் பார்த்தால், ஏழாண்டுகளாக அங்கும் அவ்வாறே புள்ளியிழந்து நின்றிருக்கின்றது! இலக்கணம் கற்பிக்கும் எமது கண்ணிற் படாது இருந்ததை எண்ணி நாணினோம். நன்னூல் எமக்கு நான்கெழுத்து, புதிய பைதனுக்கு ஏழு, பழையதற்கு இருபத்தொன்று. புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னின்ற மெய்யோடு சேர்த்து ஒன்றாக எண்ணும் பத்து வரிகளை எழுதுதற்கு எமக்கு ஒன்பது நாள் சென்றது.

பேணுதலிலும் கடினமானது பரப்புதல். ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் வெப்டூபையை எடுத்துரைத்தோம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் இலங்கையிலேயே தன்னார்வலர் ஆக்கிய சகானா என்னும் பேரிடர் மேலாண்மை மென்பொருள், பின்னர் 'ஈடன்' என்ற வடிவில் வெப்டூபையின் மீதே கட்டப்பட்டதென்பதை எம் வலிய சான்றாகக் காட்டினோம். கேட்டோர் மரியாதைக்குத் தலையசைத்தனர். “ஒருவரும் பாவிக்காத ஒன்றை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?” என்றார் ஒருவர். அன்று அதனைப் பொறாமையென்று கருதினோம்.

அது பொறாமையன்று என்பதை எம் மாணவர் ஒருவரே உணர்த்தினார். எம் மாலை வகுப்பில் ஈராண்டு பயின்று, கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றவர் அவர். தேர்வாளருள் எவரும் வெப்டூபையைக் கேள்வியுற்றிலர். அஃதன்றி, பைதன் வல்லார் இயல்பாக எழுதும் இறக்குமதி வரிகளை வெப்டூபை தானே மறைவில் நிறைவேற்றுதலால், அவ்வரிகள் எதற்கென்று வினவியபோது அவருக்கு விடை தெரியவில்லை. திரும்பி வந்து, “சேர், குறை நினையாதேங்கோ, ஜாங்கோ படிச்சிருக்கலாம்” என்றார். அன்றிரவு யாம் உறங்கவில்லை. கற்போனுக்கு எளிதென்று யாம் போற்றிய அதுவே அவருக்குக் குழியாயிற்று. எமக்கு இசைந்த கருவியை அவருடைய வாழ்வுக்கும் இசைந்ததென்று யாம் கொண்டமை பிழையே.

அதன்பின் வகுப்பின் முறையை மாற்றினோம். முதல் ஆறு மாதம் வெறும் பைதனும் தரவுத்தள மொழியும், அடுத்து ஜாங்கோ, விரும்புவோர்க்கே வெப்டூபை. பதின்மர் வகுப்பில் இருவரே விரும்புகின்றனர். எனினும் பதிவேட்டை யாம் பெயர்க்கவில்லை. 2022இல் மின்வெட்டு நாள்தோறும் நேர்ந்தபோதும் ஒரு பதிவும் கெட்டிலது. மின் வந்ததும் சொடுக்கினால் விட்ட இடத்தில் நின்றது.

இப்பொழுது வேறொரு வேலை எதிர்நிற்கின்றது. டி பியேரோ அவர்களே பைபோர்வெப் என்னும் வழித்தோன்றலை ஆக்கியுள்ளார். இறக்குமதி வரிகளை அதில் வெளிப்படையாக எழுதல் வேண்டும். பதிவேட்டை அதற்கு மாற்றலாமென்று அவ்விரு மாணவரும் வற்புறுத்துகின்றனர். யாம் இசைந்தோம், மார்கழி விடுமுறையில் தொடங்குவோம். விழாவுக்கு வரும் பழைய மாணவருள் பைதன் அறிந்தோர் எவரேனும் இருப்பின், நூலகத்தின் மேற்குமூலையில் உள்ள மேசைக்கு வருவாராக. பதிவேடு திறந்தே இருக்கும். பழஞ்சீட்டுக்கள் முந்நூற்றுக்கு மேல் இன்னும் புள்ளியின்றி நிற்கின்றன. கத்தரிக்கோலும் பசையும் அம்மேசையிலேயே வைத்திருக்கின்றோம்.