பைக் சாவி கொடுக்கும் முன் ஒரு கணக்கு



மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற, 5/18-ஆல் பெருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இதை உங்களை எத்தனை முறை ஒப்பிக்க வைத்திருப்பேன்! "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

இன்று உங்களில் பலருக்குப் பைக் கேட்கும் வயதில் பிள்ளைகள். நம் வீட்டிலும் பெயரன் கல்லூரியில் சேர்ந்த கையோடு ஒரு வண்டி வந்துவிட்டது. ஆகவே எதுக்கு என்பதை இப்போது சொல்கிறேன்.

22 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடி வந்து நிற்கிறது. பையன் 36 கி.மீ. வேகத்தில் வருகிறான். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க 1 வினாடி என்று வையுங்கள். அதற்குள் 10 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் எதிர்முடுக்கம் 5 மீட்டர்/வினாடி² என்று கொள்வோம். வி ஸ்கொயர் = யூ ஸ்கொயர் + 2ஏஎஸ் நினைவிருக்கிறதா? வண்டி நின்றால் 'வி' பூஜ்யம். 100-ஐ 10-ஆல் வகுத்தால் இன்னும் 10 மீட்டர். மொத்தம் 20. குழந்தைக்கு 2 மீட்டர் முன்பே வண்டி நின்றுவிடும்.

அதே பையன் 72-ல் வந்தால்? வினாடிக்கு 20 மீட்டர். பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே 20 மீட்டர் ஓடிவிட்டது. மிச்சம் இருப்பது 2 மீட்டர். அதில் வேகம் எவ்வளவு குறையும்? 400-இல் 20 போனால் 380. வர்க்கமூலம் ஏறக்குறைய 19.5. அதாவது மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் மோதுகிறான். வண்டி முழுதாக நிற்க 60 மீட்டர் தேவை. வேகம் இரண்டு மடங்கு. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ 10-லிருந்து 40, நான்கு மடங்கு. சூத்திரத்தில் வர்க்கம் இருப்பதன் பொருள் இதுதான்.

இவ்வளவுக்கும் லாபம் என்ன? 6 கி.மீ. தூரத்தை 36-ல் கடக்க 10 நிமிடம், 72-ல் 5 நிமிடம். மிச்சம் வெறும் 5 நிமிடம்.

இந்தக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய என் மாணவன் ஒருவனின் படத்துக்கு, அவன் வீட்டுக் கூடத்தில் நின்று மாலை போட்டிருக்கிறேன். அவனுக்குக் கணக்குத் தெரியும். வண்டியில் ஏறும்போது அதை யாரும் நினைவூட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பிள்ளைகளிடம் "மெதுவாப் போ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது காதில் ஏறாது. ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து போட வையுங்கள். தானே போட்ட கணக்கு மறக்காது.

வீட்டுப்பாடம்: வேகம் 54 கி.மீ. மற்றவை மேலே சொன்னபடி. வண்டி நிற்க மொத்தம் எத்தனை மீட்டர்? பிள்ளைகளே போட்டு விடையைக் கமெண்ட்டில் எழுதட்டும். அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன், அதில் மாற்றமில்லை!