எதையும் விற்கவில்லை

எதிர்தரப்பின் பதிலுரையில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று: விளையாட்டு இலவசம், யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம், ஆகவே புகார்தாரர் நுகர்வோரே அல்ல. இரண்டு: அவர் பணம் கட்டியது எந்தப் பொருளுக்கும் அல்ல, பயன்படுத்தும் உரிமத்துக்கு மட்டுமே. அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்த நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் நடத்திய வழக்குகளில், எதிர்தரப்பே எனக்கு இவ்வளவு கைகொடுத்தது இதில்தான்.

புகார்தாரர் சிதம்பரத்துக் கல்லூரி மாணவர், வயது 19. வயது முக்கியம். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. 17 வயதென்றால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும். காயின், ஸ்கின் (ஆட்டப் பாத்திரத்துக்கு மாட்டும் வேடம்), சீசன் பாஸ் என்று சுமார் 18,000 ரூபாய் கட்டியிருந்தார். ஒருநாள் திரையில் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் சர்வரை மூடிவிட்டார்கள்.

கீழ வீதியில் கடை வைத்திருக்கும் அவருடைய அப்பாதான் அழைத்து வந்தார். “சார், நான் காலேஜ் படிக்கறப்ப வாங்கின ரோடு ராஷ் சி.டி. இன்னும் வீட்டுல ஓடுது. இவன் என்னோடத விடப் பத்து மடங்கு காசு கட்டியிருக்கான். கையில ஒண்ணுமே இல்லையே?”

அவர் கேட்டது சரியான சட்டக் கேள்வி. சி.டி.யில் அடைத்து விற்கும் மென்பொருள் சரக்குதான் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்பா வாங்கிய விளையாட்டுக்கும் அதைத் தயாரித்தவருக்கும் கடை வாசலோடு உறவு முடிந்தது. மகனுடையது அப்படியல்ல. ஆட்டம் நடப்பது நிறுவனத்தின் சர்வரில். வருமானமும் ஒருமுறை விற்பதில் இல்லை, சீசனுக்குச் சீசன் வசூலிப்பதில் இருக்கிறது.

ஸ்கின் எல்லாம் பையனின் சொத்து என்று வாதாட ஆசை வந்தது. அதை விட்டுவிட்டு, அவர்கள் சொன்னதையே ஏற்றுக்கொண்டேன். பொருள் விற்கவில்லையா? சரி, அப்படியானால் அது சேவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(42) இலவச சேவையை விலக்குகிறது. வங்கிக் கணக்கு அறிக்கை அதற்குப் பதில் சொன்னது. சேவை என்றால் 2(11)-இன்படி குறைபாடும் வரும். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கோரிக்கையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

சிங்கப்பூரில்தான் நடுவர் தீர்ப்பு என்று ஒரு நிபந்தனையைக் காட்டினார்கள். நடுவர் நிபந்தனை நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது பிரிவு 34. அடுத்து பப்ஜி விளையாட்டை இழுத்தார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது அதுவும் நின்றது, யார் பணத்தைத் திருப்பினார்கள் என்று கேட்டார்கள். அது தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 69A-இன் கீழ் வந்த அரசு உத்தரவு. இது லாபக் கணக்குப் பார்த்து நிறுவனமே எடுத்த முடிவு என்றேன்.

ஆணையத் தலைவர் என்னையும் விடவில்லை. “படம் பார்த்து முடித்தவர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கலாமா?” பல மாதம் மாட்டிக்கொண்டு விளையாடிய ஸ்கின்னுக்கு அந்தக் கேள்வி பொருந்தும் என்று ஒப்புக்கொண்டேன். செலவழிக்காத காயினுக்கும், பாதியில் நின்ற சீசன் பாஸுக்கும் பொருந்தாது.

வழக்கைத் திருப்பியது வேறொன்று. மூடும் அறிவிப்புக்குச் சில வாரம் முன்புதான் சலுகை விலையில் காயின் விற்றிருந்தார்கள். மூட முடிவெடுத்த தேதியைக் காட்டும் ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி ஒரு மனு போட்டேன். அதற்கு எதிருரை வரவில்லை, சமரசப் பேச்சு வந்தது. மீதிக் காயின், பாஸ், வழக்குச் செலவு எல்லாம் கொடுத்தார்கள். பயன்படுத்திய ஸ்கின்களுக்கு எதுவும் இல்லை. தீர்ப்பு இல்லாததால் முன்னுதாரணமும் இல்லை. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2014-இல் விலைக்கு விற்ற ‘தி க்ரூ’ விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் மூடியபோது, தனியாக விளையாடியவர்களுக்கும் அது நின்றுபோனது. அதே ஆண்டு கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: உரிமம் மட்டும் கொடுப்பவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று போடக் கூடாது. நல்லதுதான், ஆனால் என் கட்சிக்காரருக்கு அது போதாது. சேவை என்று ஒத்துக்கொண்டுதானே பணம் கட்டினார்? அவருக்குத் தெரிய வேண்டியது, அந்தச் சேவை எந்தத் தேதி வரை நிச்சயம் என்பது. காயின் விற்கும் பக்கத்திலேயே அந்தத் தேதியைப் போட வேண்டும், மூட முடிவெடுத்த நாளிலிருந்து வாங்கிய காசைத் திருப்ப வேண்டும் என்று இரண்டு வரி விதி இருந்தால், 18,000 ரூபாய்க்காக ஒருவர் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியதில்லை.